எடுக்காத அழைப்புக்கு ஏன் கட்டணம்? வெளிநாட்டு ரோமிங் பில்லைப் படிப்பதும் எதிர்த்துக் கேட்பதும்

இந்திய சிம்மை ரோமிங்கில் போட்டுக்கொண்டு சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ போகிறவர்கள், ‘ஊரிலிருந்து வரும் போனை எடுக்கவே மாட்டோம், காசு எப்படிப் போகும்’ என்று நிம்மதியாக இருப்பார்கள். பில் வந்ததும், எடுக்காத ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு நிமிடக் கட்டணம் விழுந்திருக்கும். சில வரிகள் இரட்டையாகவும் இருக்கும். கஸ்டமர் கேரில் கேட்டால், ‘கால் கனெக்ட் ஆனதாகத்தான் சிஸ்டத்தில் காட்டுகிறது’ என்பார்கள். அது பெரும்பாலும் உண்மைதான். அழைப்பு உங்கள் வாய்ஸ்மெயிலோடு, அதாவது நீங்கள் எடுக்காதபோது அழைத்தவரின் செய்தியைப் பதிவு செய்யும் சேவையோடு, இணைந்திருக்கிறது.

ஊரிலிருந்து ஒருவர் அழைத்தால் அந்த அழைப்பு முதலில் இந்திய நெட்வொர்க்குக்கு வரும். நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று பார்த்து அங்குள்ள நெட்வொர்க்குக்கு அனுப்பப்படும். போன் அடிக்கிறது, நீங்கள் எடுக்கவில்லை. ‘எடுக்காவிட்டால் இந்த எண்ணுக்குத் திருப்பு’ என்ற கால் ஃபார்வேர்டு அமைப்பு சிம்மில் இருந்தால், அந்த வெளிநாட்டு நெட்வொர்க் அழைப்பை மறுபடி இந்தியாவுக்கே அனுப்பும். ஆக, வந்ததற்கு ஒரு இன்கமிங், திரும்பிப் போனதற்கு இந்தியாவுக்கு ஒரு அவுட்கோயிங். கணக்குக்காக இன்கமிங் நிமிடத்துக்கு 75 ரூபாய், அவுட்கோயிங் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஒரே நாளில் எடுக்காமல் விட்ட 12 அழைப்புகளுக்கு 2,100 ரூபாய். ரோமிங் பேக் போட்டிருந்தாலும் இந்த நிமிடங்கள் பேக்கிலிருந்து கரையும்.

எல்லா ஃபார்வேர்டும் இப்படிக் கடிக்காது. ‘எல்லா அழைப்பையும் திருப்பு’ என்று வைத்திருந்தால் அது இந்தியாவிலேயே திரும்பிவிடும், கடல் தாண்டாது. எடுக்காதபோது, பிஸியாக இருக்கும்போது என்ற இரண்டும்தான் வெளிநாடு போய்த் திரும்புகிறவை. தொடர்பில் இல்லாதபோது என்பது இரண்டுங்கெட்டான். போனை முறையாக அணைத்திருந்தால் பெரும்பாலும் இந்தியாவிலேயே முடிந்துவிடும். சுரங்க ரயிலிலோ லிஃப்டிலோ சிக்னல் போயிருந்தால், வெளிநாட்டு நெட்வொர்க் நீங்கள் இருப்பதாக நினைத்து அழைப்பை வாங்கிக்கொண்டு, தேடிப் பார்த்துவிட்டுத்தான் திருப்பும். கட்டணம் விழுந்துவிடும். வோல்ட்டி (4ஜி வழியாகப் பேசும் முறை) ரோமிங் முழுமையாக வேலை செய்யும் இடங்களில் திருப்பும் வேலை ஊர் நெட்வொர்க்கிலேயே நடப்பதால் இந்தச் சிக்கல் குறைவு.

ஐரோப்பிய ஒன்றியம் இதை வாடிக்கையாளர் தலையில் கட்டக்கூடாது என்று முடிவெடுத்து, வாய்ஸ்மெயில் செய்தி வந்து சேர்வதற்கு ரோமிங் கட்டணம் வாங்குவதை 2010 ஜூலை 1 முதல் தடை செய்தது. அது அந்த நாடுகளின் சிம்களுக்கு. நம் சிம்மை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

விமானம் ஏறும் முன் *#61# (எடுக்காதபோது), *#67# (பிஸி), *#62# (தொடர்பில் இல்லாதபோது) மூன்றையும் டயல் செய்து, எந்த எண்ணாவது காட்டுகிறதா என்று பாருங்கள். பலர் தவறவிடுவது மிஸ்டு கால் அலர்ட். அந்தச் சேவையும் பல இடங்களில் இதே ஃபார்வேர்டு வழியாகத்தான் இயங்குகிறது. அதன் எண் இங்கே தெரியும். ##004# மூன்றையும் நீக்கும், ##002# எல்லா ஃபார்வேர்டையும் நீக்கும். நீக்கியபின் மறுபடி *#61# போட்டுப் பார்ப்பது அவசியம். ‘கோரிக்கை ஏற்கப்பட்டது’ என்று வந்தும் பழைய எண் அப்படியே இருப்பதுண்டு. இரட்டை சிம் போனில் எந்த சிம்மிலிருந்து டயல் செய்கிறீர்கள் என்பதிலும் கவனம் வேண்டும்.

பில் வந்துவிட்டதா? விவரப் பட்டியலில் ஜோடி வரிகளைத் தேடுங்கள். ஒரே நேரம், ஒரே கால அளவு, ஒன்று இன்கமிங், அடுத்தது வாய்ஸ்மெயில் எண்ணுக்கோ நீங்கள் டயலே செய்யாத இந்திய எண்ணுக்கோ அவுட்கோயிங். இதுதான் அடையாளம். நேரத்தை ஒப்பிடும்போது பலர் தடுக்கி விழுகிறார்கள். பில்லில் அந்த நாட்டு நேரம் இருக்கலாம். ஊர் திரும்பியபின் போனின் கால் பதிவு இந்திய நேரத்தைக் காட்டும். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தி, துபாய் ஒன்றரை மணி நேரம் பிந்தி. இதைச் சரிசெய்யாமல் ‘அந்த நேரத்தில் அழைப்பே வரவில்லை’ என்று எழுதினால் புகார் அங்கேயே செத்துவிடும்.

நீங்கள் செய்து, எதிர்முனை எடுக்காத அழைப்புக்கு வரும் கட்டணம் வேறு ரகம். ‘எடுத்தாயிற்று’ என்ற சிக்னல் வந்தால்தான் மீட்டர் ஓடும். சர்வதேச அழைப்புகளில் இடையில் உள்ள சில நிறுவனங்கள் அந்தச் சிக்னலைப் பொய்யாக முன்கூட்டியே அனுப்புவதுண்டு. காதில் ரிங் கேட்கும்போதே திரையில் விநாடி ஓடினால் சந்தேகம் வர வேண்டும். உடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டுத் துண்டியுங்கள்.

உங்கள் மொபைல் நிறுவனத்தின் 198-ஐ அழைத்துப் புகாரைப் பதிவு செய்து, புகார் எண்ணை வாங்காமல் போனை வைக்காதீர்கள். ‘தவறான பில்’ என்று பொதுவாகச் சொல்லாமல், ‘இன்னின்ன தேதி, இன்னின்ன ஜோடி வரிகள், நான் எடுக்காத அழைப்புகள், ஃபார்வேர்டு கட்டணத்தை நீக்கவும்’ என்று வரி வரியாகக் கொடுங்கள். ஆட்டோ டெபிட் இருந்தால் முதலில் நிறுத்துங்கள். தகராறு இல்லாத தொகையை உரிய தேதிக்குள் கட்டி, மீதியை ஏன் நிறுத்தியிருக்கிறீர்கள் என்று எழுத்தில் தெரிவியுங்கள். ப்ரீபெய்டு என்றால் முந்தைய ஆறு மாதத்துக்குள் வரும் காலத்தின் விவரப் பட்டியலைக் கேட்டு வாங்கலாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012 விதிப்படி அதற்கு 50 ரூபாய்க்கு மேல் கேட்கக்கூடாது.

பதில் திருப்தியில்லை என்றால் 30 நாளுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போக வேண்டும். கட்டணம் கிடையாது, 39 நாளில் முடிவு சொல்ல வேண்டும். டிராய்க்கு நேராக எழுதிக் காத்திருப்பது வீண். தனிநபர் புகார்களை அது விசாரிப்பதில்லை. மேல்முறையீட்டிலும் நடக்கவில்லையா, 1915 தேசிய நுகர்வோர் உதவி எண், பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். தொலைபேசி வழக்குகள் நுகர்வோர் ஆணையத்துக்கு வராது என்று யாராவது மிரட்டினால், வரும் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தீர்ப்புச் சொல்லியிருப்பதைக் காட்டுங்கள்.