மியூனிக்கில் காய்ச்சிய கோதுமை பீர், மதுரை வெக்கையில்

மியூனிக்கில் வேலை பார்க்கும் என் அத்தை மகன், தன் வீட்டில் தானே காய்ச்சிய கோதுமை பீரை அரை லிட்டர் புட்டிகளில் நான்கு கொண்டு வந்திருந்தார். வெளிநாட்டிலிருந்து வருபவர் தீர்வையின்றி 2 லிட்டர் மதுவே கொண்டுவரலாம் என்பதால் அவ்வளவுதான். தமிழ்நாட்டில் வீட்டில் பீர் காய்ச்சச் சட்டம் இடம் தருவதில்லை. ஆகவே இதைச் சுவைக்கும் வாய்ப்பு மதுரையில் அரிது.

முதல் புட்டி வீணானது. புட்டிக்குள் சர்க்கரை சேர்த்து இரண்டாம் முறை நொதிக்கவிட்ட பீர் இது. பயணத்தில் குலுங்கி, தல்லாகுளத்து வீட்டின் சித்திரை வெக்கையில் கிடந்ததை அன்று மாலையே திறந்ததால், பாதிக்கு மேல் பொங்கித் தரையில் வழிந்தது. "ஒரு நாள் நிமிர்த்தி வச்சுக் குளிரவிடணும் மாப்பிள்ளை" என்று அவர் சொன்னதைக் கேட்டிருக்க வேண்டும்.

மறுநாள் இரவு, ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துப் பத்து நிமிடம் வெளியே வைத்துவிட்டு இரண்டாவதைத் திறந்தோம். முக்கால் பங்கை உயரமான கண்ணாடிக் குவளையில் சாய்த்து ஊற்றியபின், அடியில் படிந்திருந்த ஈஸ்ட்டைச் சுழற்றிக் கலக்கி மீதியையும் சேர்த்தார். பனங்கற்கண்டு கரைத்த நீரைப் போல மங்கிய மஞ்சள் நிறம். இந்தக் கலங்கல் குறையல்ல. இதன் ஜெர்மானியப் பெயரான ஹேஃபவைட்சனில் முன்பாதி ஈஸ்ட்டையும் பின்பாதி கோதுமையையும் குறிக்கும்.

குவளையை மூக்கருகே கொண்டுபோனதும் முதலில் எழுவது கிராம்பு மணம், அதன் பின்னே வாழைப்பழம். இரண்டில் எதுவும் இதில் சேர்க்கப்படவில்லை. கோதுமை மால்ட், பார்லி மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்), ஹாப்ஸ் என்னும் கசப்புப் பூ, நீர், ஈஸ்ட், புட்டியில் சேர்த்த சர்க்கரை ஆகியவை மட்டுமே. மணம் ஈஸ்ட்டின் வேலை. வாழை மணம் ஐசோஅமைல் அசிடேட் என்னும் மணமுள்ள வேதிச்சேர்மத்தால் வருவது; கிராம்பு மணமோ, மால்ட்டிலுள்ள ஃபெரூலிக் அமிலத்தை ஈஸ்ட் மாற்றுவதால் பிறப்பது. அரைத்த மால்ட்டை 45 டிகிரி வெந்நீரில் சிறிது நேரம் வைத்தால் அந்த அமிலம் கூடுதலாக வெளிப்படும்; அவர் 20 நிமிடம் வைத்திருக்கிறார், அது நன்றாகவே தெரிகிறது. வாழை மணந்தான் எனக்குப் போதவில்லை. தோல் கறுத்த சிறுமலைப் பழத்தின் மணத்தை எதிர்பார்த்தேன். கிடைத்தது இன்னும் முழுதாகக் கனியாத பூவன் சீப்பின் மணம்.

கசப்பு மிகக் குறைவு. கோதுமையின் புரதம் வாயில் ஒரு மென்மையைத் தருகிறது. விழுங்கியபின் லேசான புளிப்பு நிற்கிறது. ஜெர்மனியில் இவ்வகைக்கு மால்ட்டில் பாதியாவது கோதுமையாக இருக்க வேண்டும். இவர் 60 விழுக்காடு சேர்த்திருக்கிறார். நுரை விரைவில் அடங்கியதைக் குறையாக எழுத இருந்தேன். ஆனால் குவளையில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் அப்படி ஆகும் என்பதால், மூன்றாம் புட்டிக்கு வேறு குவளையை நன்கு கழுவி வைத்தோம். நுரை கடைசிவரை நின்றது.

கறி தோசையோடு அருமையாகப் பொருந்துகிறது. அயிரை மீன் குழம்பின் புளிப்புக்கு முன்னால் இதன் மணம் நிற்கவில்லை.

நான்காம் புட்டி மாமாவுக்கென்று இருக்கிறது. 18 டிகிரியில் நொதிக்கவிட்டதாக அத்தை மகன் சொன்னார். வாழை மணம் ஓங்க அடுத்த முறை 22 வரை விடும்படியும், புட்டியில் சேர்க்கும் சர்க்கரையைச் சற்றுக் குறைக்கும்படியும் கேட்டிருக்கிறேன். தைப் பொங்கலுக்கு மறுபடி வருகிறார்.