ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஐந்து அமர்வுகள்: பில் எவன்ஸின் வில்லேஜ் வேன்கார்ட் முழுத் தொகுப்பு

நியூயார்க்கின் கிரீன்விச் வில்லேஜ் பகுதியில், செவன்த் அவென்யூவை ஒட்டிய ஒரு கட்டடத்தின் நிலவறையில் இயங்கும் வில்லேஜ் வேன்கார்ட் கிளப்பில் 1961 ஜூன் 25 அன்று, பியானோ கலைஞர் பில் எவன்ஸ், பாஸ் (தாழ்ந்த ஒலியுள்ள பெரிய தந்தி வாத்தியம்) கலைஞர் ஸ்காட் லஃபாரோ, டிரம்ஸ் கலைஞர் பால் மோஷன் ஆகிய மூவரும் பிற்பகலில் இரண்டும் இரவில் மூன்றுமாக ஐந்து அமர்வுகள் வாசித்தார்கள். ரிவர்சைடு நிறுவனத்துக்காக ஆரின் கீப்நியூஸ் தயாரித்த அந்த ஒலிப்பதிவிலிருந்து ‘சண்டே அட் த வில்லேஜ் வேன்கார்ட்’, ‘வால்ட்ஸ் ஃபார் டெபி’ என்ற இரண்டு இசைத்தட்டுகள் முதலில் வெளிவந்தன. ஜாஸ் கேட்பவர்களில் அவற்றை அறியாதவர் அரிது. 2005இல் வெளிவந்த மூன்று குறுந்தகடுகளின் தொகுப்பு, அன்று பதிவானவற்றை வாசித்த வரிசையிலேயே, இடையில் நிகழ்ந்த சில பேச்சுகளையும் சேர்த்துத் தருகிறது. இசைத்தட்டுகள் இரண்டும் பொறுக்கி எடுத்த விளைச்சலைக் காட்டுகின்றன. ஒரு பியானோ கலைஞர் தம் வேலையை எப்படிச் செய்கிறார் என்பதைக் காண விரும்புவோருக்கு இந்தத் தொகுப்புதான் வேண்டும்.

அன்று எவன்ஸுக்கு வயது 31. சிறு வயதிலேயே பியானோவோடு வயலினும் புல்லாங்குழலும் பயின்று, தென்கிழக்கு லூசியானா கல்லூரியில் 1950இல் பட்டம் பெற்று, ராணுவ சேவை முடிந்தபின் நியூயார்க்கின் மேனஸ் இசைப் பள்ளியில் மீண்டும் மாணவராகச் சேர்ந்து இசையமைப்பு படித்தவர் அவர். 1956இல் பதிவான முதல் இசைத்தட்டு முதல் ஆண்டில் ஏறத்தாழ 800 பிரதிகளே விற்றது. புதிதாகச் சொல்ல ஏதும் இல்லை என்று கருதி, அடுத்ததைப் பதிவு செய்ய இரண்டு ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தார். அந்த இடைவெளியில்தான் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் குழுவில் சேர்ந்தார். 1959இல் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ பதிவில் வாசித்தார். இந்தப் பின்னணி தெரிந்து கேட்டால், வேன்கார்டில் அவர் காட்டும் நிதானம் பிறவிக்குணம் மட்டுமல்ல, நெடுநாள் பயிற்சியில் விளைந்தது என்பது தெளிவாகும்.

பியானோ கற்பவர்கள் இந்தத் தொகுப்பில் முதலில் கவனிக்க வேண்டியது எவன்ஸின் இடது கை. பழைய பாணியில் இடது கை ஒவ்வொரு கார்டின் (ஒன்றாக ஒலிக்கும் ஸ்வரக் கொத்தின்) அடிச்சுரத்தையும் அழுத்திச் சொல்லிவிடும். எவன்ஸ் அதைப் பெரும்பாலும் பாஸிடம் விட்டுவிட்டு, அதிலிருந்து எண்ணி வரும் மூன்றாம், ஏழாம் ஸ்வரங்களை நடுவில் வைத்து, ஒன்பதாம் ஸ்வரத்தையோ பதின்மூன்றாம் ஸ்வரத்தையோ சேர்த்து, நெருக்கமான சிறு கொத்தாக ஒலிக்கவிடுகிறார். இதனால் லஃபாரோவுக்கு இடம் திறக்கிறது. ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு ஸ்வரம் என்று நடந்துகொண்டே இருக்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. மேல் ஸ்தாயிக்கு ஏறிப் பியானோவுக்குப் பதில் சொல்கிறார், சில இடங்களில் குறுக்கே பேசவும் செய்கிறார். மோஷன் தாளத்தை எண்ணிக் காட்டுவதை விட்டுவிட்டு, அது நமக்குள் ஓடுகிறது என்று நம்பி வாசிக்கிறார்.

ஒரே பாடலை மூன்று முறை ஏன் கேட்க வேண்டும் என்று இந்தத் தொகுப்பைப் பார்த்தவுடன் எழும் கேள்விக்கு ‘ஆல் ஆஃப் யூ’ நல்ல விடை. மூன்று டேக்குகளும், அதாவது ஒரே பாடலின் தனித்தனிப் பதிவுகளும், ஒவ்வொன்றும் எட்டு நிமிடத்தை ஒட்டியவை. கோல் போர்ட்டரின் மெட்டை எவன்ஸ் எதிலும் முழுதாக வாசித்துக் காட்டுவதில்லை. தெரிந்த பாட்டு என்று வைத்துக்கொண்டு அதன் ஓரங்களிலிருந்தே தொடங்குகிறார். ஒரே வரியை எடுத்து நிரவல் செய்யும் பாடகரைத் தொடர்ந்து மூன்று கச்சேரிகளில் கேட்பதுபோல, எது ஒவ்வொரு முறையும் திரும்ப வருகிறது, எது அந்த நேரத்துக் கற்பனை என்பது மூன்றையும் அடுத்தடுத்துக் கேட்கும்போதுதான் பிரிகிறது. மனோதர்மம் எங்கிருந்தோ வந்து இறங்குவது என்ற எண்ணம் அப்போது கலைந்துவிடும்.

இசையமைப்பாளராக எவன்ஸ் இங்கே அடக்கமாகவே தோன்றுகிறார். அன்று வாசித்தவற்றில் அவருடைய சொந்தப் படைப்பு ‘வால்ட்ஸ் ஃபார் டெபி’ ஒன்றுதான். ‘குளோரியாஸ் ஸ்டெப்’, ‘ஜேட் விஷன்ஸ்’ இரண்டும் லஃபாரோவுடையவை. அண்ணன் மகளுக்காக எழுதிய அந்த வால்ட்ஸை 1956இல் ஒன்றரை நிமிடம்கூட நீடிக்காத தனிப் பியானோத் துண்டாக எவன்ஸ் பதிவு செய்திருந்தார். இங்கே அது மூன்று எண்ணிக்கையில் மென்மையாகத் தொடங்கி, மெட்டு முடிந்ததும் நான்கு எண்ணிக்கைக்கு மாறுகிறது. அந்த மாற்றத்தில் பாஸும் டிரம்ஸும் சேர்ந்து முன்னே சாயும் கணத்தை இரண்டு டேக்குகளிலும் கவனிக்கலாம். ‘சம் அதர் டைம்’ இன்னும் சுவாரசியமானது. அதன் அடியில் ஊசலாடும் இரண்டு கார்டுகள், 1958இல் இதே பாடலுக்கு முன்னுரை தேடும்போது பிறந்து ‘பீஸ் பீஸ்’ என்ற தனிப் படைப்பாக வளர்ந்தவை. பிறர் பாடலுக்கு ஒப்பனை செய்யப்போய் அதிலிருந்து சொந்தப் படைப்பு முளைத்தது. அந்த ஒப்பனை பிறகு மூலப்பாடலுக்கே திரும்பியது. பெரிய பெரிய ஸ்கோர்களை (முழு இசைக்குறிப்புகளை) எழுதியவர்களை மட்டும் இசையமைப்பாளர் என்று எண்ணிப் பழகியவர்களுக்கு இது வேறொரு வழியைக் காட்டும்.

ஒலியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இது ஸ்டூடியோ அல்ல, 123 பேர் அமரக்கூடிய கிளப். கண்ணாடிக் கோப்பைகள் மோதுகின்றன, யாரோ சிரிக்கிறார்கள், ‘மை ஃபூலிஷ் ஹார்ட்’ போன்ற மெதுவான பாடலுக்குள்ளும் மேசைப் பேச்சு நுழைகிறது; பல இடங்களில் கைத்தட்டல் வெறும் மரியாதைக்குத்தான். எனக்கு இது குறையாகப் படவில்லை. நல்ல ஹெட்போனில் கேட்டால் மோஷனின் பிரஷ் டிரம்ஸின் தோலின்மேல் வட்டமிடுவதும், ஒரு கார்டு அடங்கும்வரை எவன்ஸ் அடுத்ததைத் தொடாமல் காத்திருப்பதும் அந்தச் சத்தத்துக்கு நடுவிலும் துல்லியமாகக் கேட்கின்றன. அதே நேரம், மெல்லிய ஒலியில் பின்னணியாக ஓடவிட்டால் பாஸ் கரைந்துபோகும். பிறகு மிஞ்சுவது இனிமையான ஹோட்டல் இசைதான்.

குறைகளும் உண்டு. அடுத்து என்ன வாசிப்பது என்று மூவரும் பேசிக்கொள்வதும் இடைவேளை அறிவிப்பும் தனித்தனித் தடங்களாக வைக்கப்பட்டிருக்கின்றன. முதல் முறை ஆர்வமாகக் கேட்டுவிட்டு அதன்பின் ஒவ்வொரு முறையும் தாண்டிச் செல்லவே தோன்றும். மின்தடையால் நடுவில் அறுபட்ட ‘குளோரியாஸ் ஸ்டெப்’பின் முதல் டேக், வரலாற்றுக்காகச் சேர்த்தது, இசைக்காக அதைத் தேடிப் போக வேண்டியதில்லை. ‘ஜேட் விஷன்ஸ்’ இரண்டு டேக்குகளும் ஒன்றன்பின் ஒன்றாக வருவது, வரிசைக்கு நேர்மையானது என்றாலும், தொடர்ந்து கேட்பவரின் பொறுமையைச் சற்றுச் சோதிக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பதினோரு நாள் கழித்து, ஜூலை 6ஆம் தேதி, லஃபாரோ கார் விபத்தில் இறந்தார், வயது 25. எவன்ஸ் பல மாதங்கள் வாசிக்கவில்லை. ‘சண்டே அட் த வில்லேஜ் வேன்கார்ட்’ இசைத்தட்டு லஃபாரோவின் படைப்பில் தொடங்கி அவருடைய படைப்பிலேயே முடிவதும், பாஸ் மேலோங்கி நிற்கும் டேக்குகள் அதில் இடம்பெற்றதும் இதனால்தான். அந்த இசைத்தட்டை மட்டும் அறிந்தவர்கள் மூவரின் உரையாடலில் பாஸுக்கே முதலிடம் என்று நினைத்திருக்கலாம். முழுத் தொகுப்பு அந்தச் சமநிலையைச் சரிசெய்கிறது.

ஜாஸ் பியானோவை இப்போதுதான் கேட்கத் தொடங்குபவர்கள் ‘வால்ட்ஸ் ஃபார் டெபி’ இசைத்தட்டை மட்டும் வாங்கினால் போதும். இரண்டு இசைத்தட்டுகளும் ஏற்கெனவே கைவசம் உள்ளவர்கள், குறிப்பாக வாசிக்கக் கற்பவர்கள், தொகுப்பை வாங்கலாம். இரண்டாம் தகட்டில் தொடங்கி மூன்றாவதற்குப் போய், முதல் தகட்டைக் கடைசியாகக் கேட்பது என் யோசனை.