டெமகாக், பாப்புலிஸ்ட்: எந்தச் சொல் யாருக்கு?

வேலூர்க் கோட்டை மைதானத்தில் தேர்தல் கூட்டம் கேட்டுத் திரும்பும் படித்த இளைஞர்கள் சிலர், மேடையில் முழங்கியவரை, மக்களின் உணர்ச்சியைத் தூண்டிவிடும் தலைவரைக் குறிக்கும் டெமகாக் என்றும், எளிய மக்களின் சார்பில் பேசுபவரைக் குறிக்கும் பாப்புலிஸ்ட் என்றும் ஒரே பொருளில் குறிப்பிடுவது சரியன்று. இரண்டு சொற்களுக்கும் வேர் மக்கள்தான்; முன்னதற்குக் கிரேக்கத்தின் ‘டெமோஸ்’, பின்னதற்கு இலத்தீனின் ‘பொப்புலுஸ்’. ஆயினும் முன்னதில் வழிநடத்துபவரைக் குறிக்கும் ‘அகோகோஸ்’ சேர்ந்திருப்பதால், தொடக்கத்தில் அது மக்கள் தலைவர் என்றே பொருள்பட்டது. கி.மு. 429இல் தலைவர் பெரிக்கிளீஸ் இறந்தபின் கிரேக்க நகர அரசான ஏதென்சில் செல்வாக்குப் பெற்ற கிளியோன், கி.மு. 427இல், ஏதென்சுக்கு எதிராகக் கிளர்ச்சி செய்த மிட்டிலினி நகரத்தின் வயதுவந்த ஆண்கள் அனைவரையும் கொல்லும்படி குடிமக்கள் பேரவையைத் தூண்டி முடிவெடுக்கவும் வைத்தார். மறுநாளே பேரவை அம்முடிவை மாற்றியது என்பது இன்றும் எனக்கு ஆறுதல் தரும் செய்தி. கிளியோன் போன்றோரால்தான் டெமகாக் என்னும் சொல் வசையாகத் திரிந்தது.

பாப்புலிஸ்ட் மிக இளைய சொல். அமெரிக்காவில் 1892இல் உழவர்களின் ஆதரவோடு தேர்தலில் நின்ற மக்கள் கட்சியாரை அது குறித்தது. கடன்பட்ட உழவரின் குறையை எடுத்துரைப்பவரையும், அண்டை வீட்டார்மீது வெறுப்பை மூட்டுபவரையும் ஒரே பெயரால் அழைப்பது முன்னவருக்கு இழைக்கும் அநீதி என்பதால், டெமகாக் என்பதைப் பின்னவருக்கு மட்டுமே வழங்க வேண்டும் எனக் கருதுகிறேன்.