லசோட்டா சொட்டு மருந்து: வீட்டுக்கோழி வளர்ப்போருக்கு ஒரு மதிப்புரை

கொல்லையில் பத்துப் பதினைந்து குஞ்சுகள் மட்டுமே வளர்ப்பவருக்கும் தடுப்பு மருந்து தேவையா என்றால், கட்டாயம் தேவை என்பதே என் கருத்து. வெள்ளைக்கழிச்சல் என்னும் ராணிக்கெட் நோய் வைரஸால் வருவதால், வந்தபின் அதைக் குணப்படுத்த மருந்து கிடையாது. கழுத்து திருகி, பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, தடுப்பு மருந்து பெறாத கூண்டே காலியாகிவிடும்.

இந்நோயைத் தடுக்கக் குஞ்சு பொரித்த 7ஆம் நாளை ஒட்டி இடும் லசோட்டா சொட்டு மருந்து கையாள எளிது: கரைத்த மருந்தில் ஒரு சொட்டைக் கண்ணில் விட்டு, குஞ்சு இமைத்து அது உள்ளே இறங்கும்வரை கையிலேயே பிடித்திருக்க வேண்டும். இதன் பெருங்குறை குப்பியின் அளவுதான். சிறிய குப்பியே 100 குஞ்சுகளுக்கானது என்பதாலும், கரைத்த மருந்தை ஓரிரு மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும் என்பதாலும், அக்கம்பக்கத்தார் சேர்ந்து ஒரே மாலையில் போட்டுக்கொள்வதே சிக்கனம். உயிருள்ள வைரஸ் மருந்து என்பதால் 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும். ஐஸ் இல்லாமல் தாளில் சுற்றித் தரும் கடையில் தயவுசெய்து வாங்காதீர்கள். நோயுற்ற குஞ்சுக்குப் போடவும் கூடாது.

4ஆம் வாரத்தில் மறுமுறை லசோட்டாவும், 8 வாரம் கடந்ததும் இறக்கைத் தோலடியில் அதே நோய்க்கான ஆர்2பி தடுப்பூசியும் போட வேண்டும். தமிழகத்தில் இந்நோய்க்கான தடுப்பூசியைக் கால்நடை பராமரிப்புத் துறை பிப்ரவரியில் நடத்தும் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாமில் இலவசமாகவே போட்டுக்கொள்ளலாம்.