சுண்ணாம்பு மட்டும் போதுமா, கழிவுநீர்க் கசடும் சேர வேண்டுமா? சட்பரியும் லெட்வில்லும்

சுரங்கத் தொழிலால் நஞ்சேறிய நிலத்தில் மீண்டும் செடி வளர்க்க எதை இடுவது என்ற கேள்விக்கு, கனடாவின் சட்பரியும் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து லெட்வில்லும் வெவ்வேறு விடைகளைத் தந்திருக்கின்றன.

சட்பரியின் குன்றுகளை மொட்டையாக்கியது, நிக்கல், செம்பு உருக்காலைகளிலிருந்து பல பத்தாண்டுகள் வெளிவந்த கந்தகப் புகை. 1978இல் தொடங்கிய சீரமைப்புத் திட்டத்தில் ஹெக்டேருக்கு ஏறத்தாழ 10 டன் டோலமைட் சுண்ணாம்புக்கல் தூளைப் பெரும்பாலும் கையாலேயே தூவினார்கள். இயந்திரம் ஏற முடியாத பாறைச் சரிவுகளில் வேறு வழியும் இருக்கவில்லை. அமிலம் தணிந்ததும் உலோகங்கள் கரைந்து வேரைத் தாக்குவது குறைந்தது, கால்சியமும் மக்னீசியமும் கூடவே கிடைத்தன. உரமிட்டுப் புல்லும் குளோவர் என்ற தீவனச் செடியும் விதைத்த இடங்களில், யாரும் விதைக்காத பிர்ச் மரக் கன்றுகளும் தாமாகவே முளைத்தன என்பதே இம்முறையின் ஆகப்பெரிய வெற்றி என்பேன்.

லெட்வில்லுக்கு அந்த 10 டன் போதாது. ஆர்கன்சா ஆறு அடித்துவந்து கரையில் சேர்த்த சுரங்கக் கழிவில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் என்ற கனிமம் இருப்பதால், காற்றும் நீரும் படும்போதெல்லாம் புதிய அமிலம் உருவாகிக்கொண்டே இருக்கும். 1,000 டன் கழிவில் பைரைட் கந்தகம் 1 விழுக்காடு இருந்தாலே அதை முழுவதும் ஈடுகட்ட 31.25 டன் கால்சியம் கார்பனேட் தேவை. அதனால்தான் அங்கே 1998இல் சுண்ணாம்புக்கல் தூளையும், நகரக் கழிவுநீரைச் சுத்திகரித்துப் பெற்ற கசடையும் ஹெக்டேருக்குத் தலா 224 டன் என்ற அளவில் இட்டு, கழிவின் மேலடுக்கோடு கலந்தார்கள். மட்கே இல்லாத கழிவில் தழைச்சத்தையும் மணிச்சத்தையும் கரிமப் பொருளையும் கசடு ஒருசேரத் தருகிறது; சுண்ணாம்பால் இது முடியாது. ஆனால் மிகுதியான தழைச்சத்து நைட்ரேட்டாகி நீரில் இறங்கக்கூடும் என்பதால், ஆற்றங்கரையில் இந்த அளவை அச்சத்தோடுதான் பரிந்துரைக்க வேண்டும்.

மூன்றாவது வழியான பாஸ்பேட், ஈயத்தை எளிதில் கரையாத பைரோமார்பைட் கனிமமாக மாற்றுகிறது. எனினும் மண்ணைப் பற்றியிருக்கும் ஆர்சனிக்கை அது இடம்பெயர்த்து நீரில் கலக்கச் செய்யும். இரண்டு நஞ்சுகளும் சேர்ந்திருக்கும் நிலத்துக்கு நான் இதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

ஆகவே, பழைய மண் ஓரளவு எஞ்சி, அமில ஊற்றும் நின்றுவிட்ட நிலத்துக்குச் சுண்ணாம்பு போதும். பைரைட் நிறைந்த வெறும் கழிவுக்குச் சுண்ணாம்பும் கசடும் சேர்ந்தே வேண்டும். எந்த முறையிலும் உலோகம் மண்ணை விட்டு வெளியேறுவதில்லை. ஆதலால் புல் செழித்த பின்னும், கால்நடைகளை மேயவிடும் முன் அதன் இலைகளில் துத்தநாகமும் காட்மியமும் எவ்வளவு உள்ளன என்று சோதித்தே ஆக வேண்டும்.