1098 சேவை: பதினேழு வயதுக்கு ஒரு நியாயம், பத்தொன்பதுக்கு வேறு

எழும்பூரிலோ சென்ட்ரலிலோ பையைக் கட்டிப்பிடித்தபடி தனியாக உட்கார்ந்திருக்கும் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளையைக் கண்டால், கூப்பிட வேண்டிய குழந்தைகள் உதவி எண் 1098. காசில்லை, ராப்பகல் எந்நேரமும் கூப்பிடலாம். 1996-ல் மும்பையில் சைல்டுலைன் என்று தொடங்கியது, 2023 முதல் அரசின் கையில், அவசர உதவி எண் 112-உடன் இணைந்து நடக்கிறது.

"ஸ்டேஷன்ல ஒரு பையன் இருக்கான்" என்று மட்டும் சொன்னால் போதாது. எத்தனையாவது நடைமேடை, பக்கத்தில் என்ன கடை, சட்டை என்ன நிறம், என்ன மொழி பேசுகிறான், உடம்பில் காயம் உண்டா என்பதையும் சொல்லுங்கள். ஆள் வரும்வரை அங்கேயே இருங்கள். பிள்ளை அடுத்த வண்டியில் ஏறிவிட்டால் வந்தவர்கள் எங்கே தேடுவார்கள்? டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்துப் பக்கத்தில் உட்காருங்கள். "ஏன் ஓடி வந்தே?" என்று ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவார்கள். இரக்கப்பட்டு வீட்டுக்குக் கூட்டிப் போகாதீர்கள், அது சட்டச் சிக்கல்.

பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் பிள்ளையைக் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். பிள்ளையை எங்கே தங்க வைப்பது, யாரிடம் ஒப்படைப்பது என்று முடிவெடுப்பது இந்தக் குழுதான், இந்தச் சேவையின் நிஜமான பலமும் இதுதான். பெற்றோர் வந்து நின்றதுமே பிள்ளையை ஒப்படைத்துவிடக் கூடாது. வீட்டு நிலைமையை விசாரித்த பிறகுதான் முடிவு. வீட்டில் அடி என்றால் அதை அங்கே சொல்லிப் பதிய வைப்பது முக்கியம்.

பதினெட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குத்தான் இந்தச் சேவை என்பதால் வயதில்தான் இழுபறி வரும். முதலில் பள்ளிச் சான்றிதழ், இல்லையென்றால் பிறப்புச் சான்றிதழ், அதுவும் இல்லாவிட்டால் எலும்புப் பரிசோதனை என்பது சட்டம் சொல்லும் வரிசை. ஆதார் அதில் இல்லை.

பெரிய ஓட்டை பதினெட்டில் இருக்கிறது. குழந்தைகள் இல்லத்தில் இருந்து பதினெட்டு முடித்து வெளியேறுபவருக்குப் பிற்காலப் பராமரிப்பு உண்டு: 21 வயது வரை, தேவைப்பட்டால் 23 வரை, மிஷன் வாத்சல்யா என்ற ஒன்றிய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய். சென்னையில் தங்குமிட வாடகைக்கே அதில் பெரும்பகுதி போய்விடும். பத்தொன்பதில் வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டவருக்கோ அதுகூடக் கிடையாது. பெண் என்றால் பெண்கள் உதவி எண் 181 உண்டு. ஆண் என்றால் மாநகராட்சி இரவுத் தங்குமிடம், அங்கே அப்பா வயது ஆட்களோடு படுக்க வேண்டும். இது பெரிய அநியாயம்.

ஆகவே பதினேழரை வயது என்றால் ஒரு நாளும் தள்ளிப்போடாமல் கூப்பிடுங்கள். இல்லத்தை விட்டு வெளியேறும்போது குழுவின் உத்தரவு நகல், மாற்றுச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் மூன்றையும் கையோடு வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.