லவ்டேல் வரலாற்று உலா: பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாமா?

போகலாம், கட்டாயம் போகலாம். ஆனால் உலா நடத்துபவர் சொல்வதில் இரண்டு மூன்று விஷயங்களைத் திருத்திக் கேட்டுக்கொள்ள வேண்டும். அவை எவை என்று விவரமாகச் சொல்கிறேன்.

நான் கேத்திப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் வரலாறு எடுக்கிறேன். எங்கள் பிள்ளைகள் பஸ்ஸிலோ ரயிலிலோ ஊட்டிக்குப் போகும்போது லவ்டேல் லாரன்ஸ் பள்ளியைத் தாண்டித்தான் போகிறார்கள். "அது பணக்கார வீட்டுப் பிள்ளைங்க படிக்கிற இடம் டீச்சர்" என்பதோடு அவர்களுக்கு அந்தப் பள்ளி முடிந்துவிடுகிறது. அது எனக்கு நெடுநாளாக உறுத்தல். அந்தப் பள்ளியின் கதையில் நம் ஊர்த் திண்ணைப் பள்ளிக்கூடத்துக்கு ஓர் இடம் இருக்கிறது. அது தெரியாமல் ஒரு பிள்ளை இந்த மலையில் பள்ளிப் படிப்பை முடித்துவிடக் கூடாது. அதனால்தான் பதினோராம் வகுப்பில் சிலரைக் கூட்டிக்கொண்டு இந்த உலாவுக்குப் போனேன்.

உலாவை நடத்துபவர் தனி ஆள். தன் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அதனால் போடவில்லை. சேரிங்கிராஸ் பக்கம் விசாரித்தால் சொல்வார்கள். பெரியவர்களுக்குத் தலைக்கு 400 ரூபாய். அரசுப் பள்ளிப் பிள்ளைகள் என்றதும் பாதியாகக் குறைத்துக்கொண்டார். காலையில் ஊட்டியில் தொடங்கி மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. எங்களோடு சென்னையிலிருந்து ஒரு குடும்பமும் சேர்ந்துகொண்டது. அப்பா, அம்மா, ஆறு வயதுப் பையன்.

முதலில் நீலகிரி நூலகக் கட்டடத்துக்கு முன்னால் நிறுத்துகிறார். பள்ளிக்கூட உலாவில் நூலகம் எதற்கு என்று பிள்ளைகள் முழித்தார்கள். இரண்டையும் வடிவமைத்தவர் ஒருவரே, ராபர்ட் சிஷோம். சென்னை மாநிலக் கல்லூரியையும் பல்கலைக்கழக செனட் ஹவுஸையும் கட்டிய அதே ஆள். சென்னைக் குடும்பத்து அப்பாவுக்கு இதைக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது. தினமும் கடற்கரைச் சாலையில் அந்தக் கட்டடங்களைப் பார்த்துக்கொண்டுதான் ஆபீஸ் போகிறாராம். நல்ல தொடக்கம். கட்டடத்தைக் கையால் காட்டிவிட்டு நகராமல், ஜன்னல் வளைவு, கூரைச் சரிவு என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வைக்கிறார். லவ்டேல் கோபுரம் இத்தாலிய கோதிக் பாணி, சென்னையில் இருப்பவை வேறு பாணி என்று வித்தியாசத்தையும் சொல்கிறார்.

அப்புறம் ஸ்டேஷனுக்கு நடை. அங்கிருந்து குன்னூர் போகும் மலை ரயிலில் லவ்டேல் வரை. தூரம் கொஞ்சம்தான், ஆனால் பிள்ளைகளுக்கு அதுவே திருவிழா. இந்தப் பாதை 1899இல் குன்னூர் வரைக்கும் 1908இல் ஊட்டி வரைக்கும் வந்தது. பள்ளி தொடங்கியதோ 1858, செப்டம்பர் 6. அதாவது ரயில் ஊட்டியை எட்டுவதற்கு அரை நூற்றாண்டு முன்பே பள்ளி நடந்துகொண்டிருந்தது. ஆரம்ப காலப் பிள்ளைகள் மாட்டுவண்டியில்தான் மலை ஏறியிருப்பார்கள். பள்ளி முதலில் ஊட்டி ஊருக்குள் நடந்தது. பிறகுதான் லவ்டேல் கட்டடத்துக்குப் போனது. இதையெல்லாம் ரயில் பெட்டிக்குள் சத்தத்தை மீறிச் சொல்ல வேண்டியிருக்கிறது. மனிதருக்கு நல்ல குரல், சமாளித்துவிடுகிறார்.

இப்போது திருத்த வேண்டியவற்றுக்கு வருகிறேன்.

பள்ளிக்குப் பெயர் கொடுத்த பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி ஹென்றி லாரன்ஸ் குதிரையில் வந்து, இந்தக் குன்றைப் பார்த்து, இங்கேதான் பள்ளி வேண்டும் என்று சொன்னதாக ஒரு கதை சொன்னார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படி நடந்திருக்க வழியே இல்லை. லாரன்ஸ் 1857 ஜூலை 4ஆம் தேதி லக்னோவில் இறந்துபோனார். சிப்பாய்க் கலகத்தின்போது அங்கே ரெசிடென்சி முற்றுகையில் குண்டுபட்டு இரண்டு நாள் கிடந்து உயிர்விட்டார். நம் மலையில் பள்ளி ஆரம்பித்தது அதற்கு அடுத்த வருஷம். யோசனை அவருடையது, பெயர் அவருடையது. இங்கே வந்து திறந்து வைத்தவர் அவர் அல்ல. 1847இல் சிம்லாவுக்குப் பக்கத்தில் சனாவரில் அவர் தொடங்கியதுதான் இந்த வகைப் பள்ளிகளில் முதலாவது. நீலகிரிப் பள்ளி அந்த வழியில் வந்தது. ஹென்றி லாரன்ஸ் பிறந்தது இலங்கையில், மாத்தறையில். இதையும் அவர் சொல்லியிருக்கலாம். நம் பிள்ளைகள் பலருக்கு இலங்கை உறவு உண்டு. தாயகம் திரும்பியவர்களின் பேரப்பிள்ளைகள் என் வகுப்பிலேயே இருக்கிறார்கள். ஒரு பெயரைக் கேட்டால் மனதில் ஒட்டிக்கொள்ளும் இடம் அதுதானே.

அடுத்தது இதைவிடப் பெரிது. "ராஜா வீட்டுப் பிள்ளைகளுக்காக வெள்ளைக்காரன் கட்டிய ஆண்கள் பள்ளி" என்றார். இந்த ஒரு வாக்கியத்தில் இரண்டு தவறு. ராஜா வீட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பிரிட்டிஷ் ராணுவச் சிப்பாய்களின் பிள்ளைகளுக்காக, அதிலும் அப்பா அம்மாவை இழந்தவர்களுக்காக ஆரம்பித்த இடம் இது. அப்போது அதன் பெயர் லாரன்ஸ் அசைலம், அதாவது ஆதரவற்ற பிள்ளைகளுக்கான இல்லம். சமவெளி ராணுவக் குடியிருப்பில் வெயிலும் காய்ச்சலும் பிள்ளைகளை வாரிக்கொண்டு போன காலம். அப்பா சண்டையில் போனால் பிள்ளைக்கு ஒரு நாதியும் இல்லை. அவர்களை மலைக்குக் கொண்டுவந்து வளர்க்க வேண்டும் என்பதுதான் லாரன்ஸின் எண்ணம். இரண்டாவது தவறு, ஆண்கள் பள்ளி என்பது. பெண் பிள்ளைகளையும் ஆரம்பத்திலிருந்தே சேர்த்து வைத்திருந்தார்கள். என் மாணவி ஒருத்தி, "அப்போ அப்பா செத்துப்போன பொண்ணுங்க எங்க போனாங்கண்ணா?" என்று கேட்டாள். அவரால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. நான் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். அந்தக் குணத்துக்காகவே இன்னொரு தடவை அவரிடம் பிள்ளைகளை ஒப்படைப்பேன்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்த மலையின் பெயர்பெற்ற பள்ளிகளில் சில, நாதியற்ற பிள்ளைகளுக்காகவே தொடங்கியவை. எங்கள் கேத்தியிலேயே செயின்ட் ஜார்ஜஸ் ஹோம்ஸ் என்று பழைய ஆட்கள் இன்னும் சொல்லும் லெய்ட்லா பள்ளி, 1914இல் கொடைக்கானலில் தொடங்கி 1922இல் இங்கே வந்தது. அதுவும் ஆங்கிலோ இந்திய ஏழைப் பிள்ளைகளுக்கான இல்லம்தான். இன்றைக்குக் கட்டணத்தைக் கேட்டுவிட்டு நாம் எட்ட நின்று பார்க்கும் இடங்களின் முதல் மாணவர்கள், காலில் செருப்பு இருந்ததா என்றே தெரியாத பிள்ளைகள். என் வகுப்பில் அப்பா இல்லாத பிள்ளைகள் இருக்கிறார்கள். தேயிலைத் தோட்டத்தில் அம்மா ஒருத்தி சம்பாத்தியத்தில் படிப்பவர்கள் அவர்கள். இந்த விஷயம் அவர்களுக்குச் சரியாகப் போய்ச் சேர வேண்டும். ராஜா கதையாக மாறிப் போனால் எனக்கு வருத்தம்தான்.

அதே சமயம், நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அப்போது அங்கே இடம் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அது வெள்ளைச் சிப்பாய்களின் பிள்ளைகளுக்கான இடம். பிறகு ராணுவப் பள்ளியாகவே கொஞ்ச காலம் நடந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு 1949இல் இந்திய அரசின் கல்வி அமைச்சகத்தின் கீழ் வந்தது. நமக்குக் கதவு அகலத் திறந்தது அதற்கப்புறம்தான். இதை அவர் நேராக, கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். இந்த இடத்தில் அவருக்கு முழு மதிப்பெண்.

சரி, இனி இந்த உலாவின் உயிரான பகுதி.

லவ்டேல் ஸ்டேஷனில் இறங்கியதும் பிளாட்பாரத்து பெஞ்சில் எல்லோரையும் உட்கார வைத்தார். தோள்பையிலிருந்து ஓர் எவர்சில்வர் தாம்பாளத்தை எடுத்தார், ஒரு துணிப் பையிலிருந்து ஆற்று மணலை அதில் கொட்டிப் பரப்பினார். சலித்த மணல், மெல்லியது. என் மாணவி ஒருத்தியைக் கூப்பிட்டு, அந்தச் சென்னைப் பையனுக்கு ஓர் எழுத்துச் சொல்லிக்கொடு என்றார். அவள் படுகர் வீட்டுப் பிள்ளை. வீட்டில் படுக பேசுவாள், தமிழில் வகுப்பிலேயே முதல் மார்க் அவள்தான். பையனோ இங்கிலீஷ் மீடியம், தமிழில் இன்னும் தடுமாற்றம். அவள் அவனுடைய ஆள்காட்டி விரலைப் பிடித்து மணலில் 'ழ' போட்டாள். சுழியைப் போட்டுக் கீழே இழுத்ததும் மணல் இரண்டு பக்கமும் ஒதுங்கிக் கரை கட்டியது. அழித்துவிட்டு, "இப்ப நீ" என்றாள். அவன் போட்டான், கோணலாக வந்தது. கையால் தட்டிச் சமப்படுத்திவிட்டு மறுபடி போட்டான். நாலாவது தடவை அவளைப் பார்க்காமலே போட்டான். பிளாட்பாரத்தில் டீ விற்றுக்கொண்டிருந்த அம்மாகூட வந்து எட்டிப் பார்த்தார்.

அதற்குப் பிறகுதான் கதை. 1789இல் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் எழும்பூரில் ராணுவ ஆண் அனாதைப் பிள்ளைகள் விடுதியின் பொறுப்பில் இருந்தார். ஒரு நாள் நம் ஊர்த் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுத்துப் போட்டுப் படிப்பதைப் பார்த்தார். தன் விடுதியிலும் அப்படிச் செய்யச் சொன்னபோது அங்கிருந்த ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. அவர் எட்டு வயதுப் பையன் ஒருவனைக் கூப்பிட்டு, சின்னப் பிள்ளைகளுக்கு நீ சொல்லிக்கொடு என்றார். பையன் பெயர் ஜான் ஃப்ரிஸ்கன். ஆசிரியர்கள் செய்ய மாட்டேன் என்றதை அவன் செய்து காட்டினான். தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் வழக்கம் விடுதி முழுக்கப் பரவியது. பெல் இங்கிலாந்து திரும்பி இதைப் பற்றி எழுதினார். மெட்ராஸ் முறை என்ற பெயரிலேயே அங்கே பள்ளிகளில் அது நடைமுறைக்கு வந்தது. ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் இன்றைக்கும் மெட்ராஸ் காலேஜ் என்ற பெயரில் ஒரு பள்ளி இருக்கிறது.

இதற்கும் லவ்டேலுக்கும் என்ன தொடர்பு? அந்த எழும்பூர் விடுதி பிற்காலத்தில் நம் மலையிலுள்ள லாரன்ஸ் அசைலத்தோடு இணைக்கப்பட்டது. அதன் அச்சகமும் சேர்ந்தே வந்தது. மவுண்ட் ரோட்டில் லாரன்ஸ் அசைலம் பிரஸ் என்று ஓடிய அச்சகத்தின் வருமானம் இந்தப் பிள்ளைகளின் சோற்றுக்கும் படிப்புக்கும் உதவியது. பஞ்சாங்கம் போல வருஷா வருஷம் வெளியிட்ட அவர்களுடைய மெட்ராஸ் ஆண்டுக் கையேடு ஆபீஸ்களில் பேர்போனது. ஆக, நம் திண்ணையில் பார்த்து எழும்பூரில் கற்றுக்கொண்டது, எழும்பூர்ப் பிள்ளைகளோடு மலையேறி வந்திருக்கிறது. இந்த இடத்தில் என் பிள்ளைகள் ஒருவரும் பேசவில்லை. அந்த மாணவி மட்டும் தாம்பாளத்து மணலை விரலால் கிளறிக்கொண்டே, "அப்போ அந்த ஜான் பையனும் என்னை மாதிரிதானா டீச்சர்?" என்றாள். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல?

அதன் பிறகு ஸ்டேஷனிலிருந்து ஏற்றத்தில் ஒரு நடை. பள்ளி வளாகத்துக்குள் வெளியாட்களை விடுவதில்லை, அது நியாயம்தான், உள்ளே பிள்ளைகள் தங்கிப் படிக்கிறார்கள். சாலையிலிருந்து கற்பூர மரங்களுக்கு நடுவே தெரிகிற வரைக்கும் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். சினிமாக்காரர்கள் எங்கே கேமரா வைத்தார்கள் என்ற பேச்சும், ஆள் இல்லாத பங்களாவில் பேய் என்ற கதையும் இந்த நடையில் வருகின்றன. பிள்ளைகளுக்குப் பிடிக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்த நேரத்தில் கல் சுமந்து, மரம் இழைத்து அந்தக் கட்டடத்தை எழுப்பிய கைகளைப் பற்றி ஒரு வார்த்தையாவது சொல்லலாம். அவரிடம் கேட்டும் விட்டேன். அடுத்த தடவை சேர்த்துக்கொள்கிறேன் என்றார்.

கடைசியில் வர்க்கியும் டீயும் கொடுக்கிறார். சூடான வர்க்கி, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். லாரன்ஸ் குதிரைக் கதையையும் ராஜா கதையையும் விட்டுவிட்டால் முழுசாக ஐந்து. போகிறவர்கள் கவனிக்க: ஜூன், ஜூலை மழையில் வேண்டாம், நடைபாதை வழுக்கும். சீசன் நேரத்தில் ரயிலில் இடம் கிடைப்பது கஷ்டம், முன்கூட்டியே அவரிடம் சொல்லி வையுங்கள். ஸ்வெட்டர் அவசியம். சின்னப் பிள்ளைகள் இருந்தால் முன்வரிசையில் உட்கார வையுங்கள், தாம்பாளம் ஒன்றுதான் இருக்கிறது. அரசுப் பள்ளி ஆசிரியர்கள் பாதிக் கட்டணத்தைக் கேட்கத் தயங்க வேண்டாம், தருகிறார்.